இது பாப்பாவுக்கு

எங்கள் வரிசை வீடுகளுக்கு நடுவில் இருப்பது ஒற்றைச் செங்கல் சுவர். அந்தப் பக்கம் குழந்தை தும்மினால் இந்தப் பக்கமிருந்தே ‘நூறு’ சொல்லலாம். எனக்கு இடப்பக்கம் கண்டக்டர் குடும்பம். நான் தையல்காரி. பின் ஜன்னலோரம் மெஷினைப் போட்டு உட்கார்ந்தால் கால் மிதிக்கும், கண் ஊசியில் இருக்கும், காதுக்கு மட்டும் வேலை கிடையாது. அதனால் அந்த வீட்டுக் கஞ்சியில் உப்புக் குறைந்தாலும் எனக்குத் தெரிந்துவிடும்.

கண்டக்டர் என்பது பழைய கதை. டிரைவர் திடீரென்று பிரேக் போட, படியில் நின்றவன் ரோட்டில் விழுந்து முட்டி நொறுங்கிப்போனது. உள்ளே தகடு வைத்துத் தைத்தார்கள். நின்றுகொண்டு வேலை பார்க்க முடியாதவன் எதற்கு என்று பஸ் முதலாளி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். தோல் பை போயிற்று, காக்கிச் சட்டை போயிற்று, விசில் மட்டும் அவனோடு தங்கிவிட்டது. அவன் பெண்டாட்டி ஒரு பெரிய ஓட்டலின் சலவைப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தாள். காலையில் போனால் சாயங்காலம் வருவாள். மலைபோல் குவிந்த படுக்கை விரிப்புகளை நீராவிப் பெட்டியால் தேய்த்துத் தேய்த்து, முன்னங்கை இரண்டிலும் சூட்டுத் தழும்பு.

குழந்தையை அவன் பார்த்துக்கொண்டான். பெண் குழந்தை, மூன்று வயது. சில்லறை என்று அவன்தான் பேர் வைத்தான். “நோட்டெல்லாம் எனக்கு எதுக்குக்கா? சில்லறை கையில இருந்தா போதாதா?” என்பான். வரிசை முழுக்க அவளைச் சில்லறை என்றது. அவள் மட்டும் தன்னைப் பாப்பா என்று சொல்லிக்கொண்டாள். ‘பாப்பாக்குப் பசிக்குது’, ‘பாப்பா வரமாட்டா.’ அந்த வயதில் எல்லாக் குழந்தையும் அப்படித்தானே. நான் என்கிற சொல் வாய்க்குள் நுழைய நாளாகும்.

வீட்டில் சும்மா இருக்கிற ஆம்பளை என்றால் ஊர் சும்மா விடுமா? “கொஞ்ச நேரம் இவளையும் பார்த்துக்கோங்க” என்று எதிர் வீட்டுக்காரி தன் பெண்ணை விட்டுப் போனாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி. ஒட்டகத்துக்கு இடம் கொடுத்த கதையாக அரை டஜன் வாண்டுகள் சேர்ந்துவிட்டன. தினமும் தவறாமல் வரும் எதிர் வீட்டுப் பெண்ணுக்கு சீசன் டிக்கெட் என்று பேர். வீட்டில் சொல்லாமல் ஓடி வருகிறவனுக்கு வித்தவுட்.

வீடுகளுக்குப் பின்னால் மூடிப்போன மரக்கடையின் காலி இடம். ஓரமாகப் பாதாம் மரம் ஒன்று, நாலைந்து சவுக்கு, ஒரு கிழட்டுத் தைலமரம். கண்டக்டர் அதற்கு டெர்மினஸ் என்று பேர் வைத்திருந்தான். காலைக் கஞ்சி முடிந்ததும் விசில் கேட்கும். “உள்ள போ, உள்ள போ! படியில நிக்காதே! முன்னாடி எவ்ளோ இடம் கெடக்கு பாரு!” ஒன்றின் சட்டையை ஒன்று பிடித்துக்கொண்டு வரிசையாகப் போகும். பின்னால் இவன் காலை இழுத்துக்கொண்டு போவான்.

அங்கே என்ன வேலை என்றால், பொறுக்குகிற வேலை. பாதாம் இலை பழுத்துச் சிவந்து விழுந்திருக்கும். சவுக்கு ஊசி, தைலமரத்தின் காய்மூடி, உரிந்த பட்டை, குச்சி, கூழாங்கல். எல்லாவற்றையும் ஒரு சாக்கில் கொட்டிவிட்டு, மண்ணைத் தண்ணீர் தெளித்துத் தட்டி வைத்துக்கொண்டு, பரப்புவார்கள். மீன் வரும், பஸ் வரும், கல்யாண ஊர்வலம்கூட ஒரு நாள் வந்தது. ஆனால் முதலில் செய்வது ஒரு முகம். அதற்குப் பேர் பாப்பா. இரண்டு பெரிய பாதாம் இலை கன்னம், சவுக்கு ஊசி தலைமுடி, வளைந்த குச்சி வாய். யார் செய்தாலும் அது பாப்பாதான்.

அவனுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. எதையும் ஒட்டக் கூடாது. பசை, நூல், ஆணி எதுவும் கிடையாது. வைப்பதோடு சரி.

“ஒட்டினா வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்க் காட்டலாமில்ல, தம்பி?” என்று ஒரு நாள் கேட்டேன்.

“பிரயாணின்னா எறங்கணும்க்கா. ஏறினவன் எறங்கலைன்னா அடுத்தவன் எப்படி ஏறுவான்?”

சாயங்காலம் “கடைசி ஸ்டாப்பு, எல்லாம் எறங்கு!” என்று விசிலடிப்பான். பிள்ளைகள் தாங்கள் செய்ததையெல்லாம் தாங்களே கலைத்துக் காற்றில் விசிறிவிட்டுச் சிரித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடும். பெண்டாட்டிக்கு இதெல்லாம் பிடிக்காது. ஓட்டலில் வெள்ளை வெளேரென்று தேய்த்துவிட்டு வருகிறவளுக்கு, வாசலில் சேறும் இலையுமாகக் கிடந்தால் எப்படி இருக்கும்? “நான் ஊரான் அழுக்கைப் போக்கிட்டு வரேன், நீங்க என் வீட்டுல குப்பை சேர்க்கறீங்க” என்று கத்துவாள். கத்திவிட்டுச் சிரித்தும் விடுவாள். குழந்தை அப்பனிடம் சந்தோஷமாக இருக்கிறது என்கிற நிம்மதி அந்தச் சிரிப்பில் இருக்கும். அந்த நிம்மதியில்தான் அவள் தினமும் வேலைக்குப் போனாள்.

அந்த வாரம் பேய்மழை. காற்று மரக்கடை வேலியைச் சாய்த்துவிட்டது. வேலி மேல் படர்ந்திருந்த கொடியும் கீழே வந்துவிட்டது. மழை விட்டு நன்றாக வெயிலடித்த நாளில் பிள்ளைகள் போய்ப் பார்த்தால், வெடித்த காய்க்குள் சிவப்புச் சிவப்பாக மணிகள், ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு கறுப்புப் பொட்டு. கண்டக்டரும் அதைப் பார்த்ததில்லை. அவன் வளர்ந்தது பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால். அவனுக்குத் தெரிந்த செடியெல்லாம் ரோட்டோரச் செடி.

“அக்கா, இங்க பாருங்க! கண்ணு! ஆண்டவன் முழியைச் செஞ்சு கொடியில தொங்க விட்டிருக்கான்” என்று ஜன்னலுக்கு வெளியே நின்று ஒரு கையளவு காட்டினான். மெஷினில் நூல் அறுந்த எரிச்சலில் இருந்தேன். சரியாகப் பார்க்காமலே “அழகா இருக்கு, போ” என்றேன்.

அன்றைக்குப் பாப்பாவின் முகத்துக்கு நிஜமாகவே கண் வந்துவிட்டது. அதுவரை கூழாங்கல்தான் வைப்பார்கள். இப்போது செக்கச்செவேலென்று இரண்டு முழி. பிள்ளைகள் கத்திய கத்தலில் எனக்குத் தையல் கோணிப்போயிற்று. கொஞ்ச நேரம் கழித்துச் சில்லறையின் குரல்.

“அப்பா! பாப்பா கண்ணு சாப்பிட்டுச்சு!”

“என்னது? கண்ணையே சாப்பிட்டுச்சா? அடேயப்பா, அவ்ளோ பசியா?”

“ஆமா. ஒரு கண்ணு இல்ல.”

“அய்யய்யோ, ஒத்தைக் கண்ணோட பாப்பா எப்படி பஸ் ஏறும்? இந்தா, இது பாப்பாவுக்கு.”

பிள்ளைகள் எல்லாம் சிரித்தன. அவனும் சிரித்தான், இந்தப் பக்கம் நானும் சிரித்தேன்.

சாயங்காலம் பெண்டாட்டி வந்து கை கால் கழுவிக்கொண்டிருந்தாள். குழந்தை வாந்தியெடுக்கிற சத்தம் கேட்டது. பிள்ளைகள் வாந்தியெடுப்பது அதிசயமா என்று நான் எழுந்திருக்கவில்லை. பேச்சு மட்டும் காதில் விழுந்தது.

“என்னத்தைக் குடுத்தீங்க புள்ளைக்கு?”

“கஞ்சிதான். அப்புறம் ரெண்டு பிஸ்கட்டு. வெயில்ல ஆட்டம் போட்டா, அதான்.”

“இது என்ன? சிரட்டையில?”

“அதுவா? கண்ணு. நாங்க பண்ற மூஞ்சிக்கு வெக்கறது. வேலியில கெடந்துச்சு. நல்லாருக்கில்ல?”

சிரட்டையில் மணி உருளுகிற சத்தம். அப்புறம் அவள் குரல் வேறாக வந்தது. “ஏங்க, இது குன்றிமணிங்க. இதை அரைச்சு மாட்டையே கொன்னுடுவாங்கன்னு எங்கம்மா சொல்லும். இதையா குழந்தைங்க கையில குடுத்தீங்க?”

“எனக்கு எப்படித் தெரியும்? மணிதானே...”

“யாராச்சும் வாயில வெச்சாங்களா? யோசிச்சுச் சொல்லுங்க!”

நான் மெஷின் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு ஓடினேன். கண்டக்டர் சுவரில் கையை ஊன்றி நின்றிருந்தான். முகத்தில் ஈயாடவில்லை.

“மத்தியானம் சில்லறை ஒரு வார்த்தை சொன்னா. பாப்பா கண்ணு சாப்பிட்டுச்சுன்னு சொன்னா. நான்... நான் மூஞ்சியைச் சொல்றான்னு நெனைச்சேன்.”

அவள் குழந்தையை வாரி எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். செருப்புகூடப் போடவில்லை. அவனோ வாசலில் நின்று, வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரி அடிவயிற்றிலிருந்து கத்தினான். “எல்லாரும் உங்க குழந்தைங்களைக் கேளுங்க! செவப்பு மணியை யாராச்சும் முழுங்கினாங்களான்னு கேளுங்க! விஷம்! அது விஷம்!” கதவுகள் படபடவென்று திறந்தன. தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்கிறான் என்று அப்போதே எனக்குத் தோன்றியது. ஆனால் கத்தாமல் எப்படி இருப்பான்? நல்ல வேளை, வேறு எந்தப் பிள்ளையும் வாயில் வைக்கவில்லை.

ஆட்டோவில் நானும் ஏறிக்கொண்டேன். வழி முழுக்கச் சில்லறை “பாம் பாம்” என்று சொல்லிக்கொண்டு வந்தாள்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். சிரட்டையில் இருந்த மணியை வாங்கி விரலில் உருட்டிப் பார்த்தாள்.

“எத்தனை சாப்பிட்டா?”

“தெரியலைம்மா.”

“கடிச்சு மென்னாளா, அப்படியே முழுங்கினாளா?”

கண்டக்டர் குழந்தையின் வாயைப் பார்த்தான்.

“இதோட தோலு ரொம்பக் கெட்டி. முழுசா உள்ள போயிருந்தா அநேகமா முழுசா வெளிய வந்துடும். கடிச்சு உடைச்சிருந்தாதான் ஆபத்து. உடனே தெரியாது, கொஞ்சம் கொஞ்சமாத்தான் காட்டும். அப்படின்னா நான் இவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும். அங்கயும் இதுக்கு மாத்து மருந்துன்னு தனியா எதுவும் கெடையாது. நல்லா யோசிச்சுப் பாருங்க. நீங்கதானே பக்கத்துல இருந்தீங்க?”

“இருந்தேன்மா. பக்கத்துலதான் இருந்தேன்.”

கரியைக் கரைத்த மாதிரி ஒரு கறுப்பு மருந்தைப் புகட்டினார்கள். பாதி வாய்க்குள்ளும் பாதி சட்டையிலுமாகப் போயிற்று. கையில் ஊசி குத்தித் தண்ணீர் ஏற்றினார்கள். அழுது ஓய்ந்ததும் நர்ஸம்மா பக்கத்தில் உட்கார்ந்து நைச்சியமாகக் கேட்டாள்.

“பாப்பா, கண்ணு சாப்பிட்டியா?”

“பாப்பா சாப்பிட்டுச்சு.”

“நீ சாப்பிட்டியா?”

“பாப்பா சாப்பிட்டுச்சு.”

“எந்தப் பாப்பா?”

குழந்தை அவளை ஒரு மாதிரி பார்த்தது. இது என்ன கேள்வி என்பது போல. “பாப்பா” என்றது.

நர்ஸம்மா எங்களைப் பார்த்தாள். நான் கேட்டேன், டாக்டர் கேட்டாள், பெற்றவள் தாடையைப் பிடித்துக் கேட்டாள். இலைப் பாப்பாவா, நீயா? உன் வாய்லயா, அது வாய்லயா? எப்படிக் கேட்டாலும் ஒரே பதில். வீட்டில் ஒரு சொல்லை இரண்டு பேருக்கு வைத்துவிட்டு, இப்போது அதைப் பிரிக்கத் தெரியாமல் நின்றோம்.

விடிகிற வரை காய்ச்சல் இல்லை, வாந்தியும் இல்லை. ஆனால் அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டாள். பெண்டாட்டி கட்டிலை விட்டு நகரவில்லை. புருஷன் பக்கம் திரும்பவும் இல்லை. நான் வாங்கி வந்த டீ, ஆறி ஆடை கட்டிப்போனது. வெளிச்சம் வந்ததும் கண்டக்டர் எழுந்து வெளியே போனான். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஆஸ்பத்திரித் தோட்டத்தில் முட்டியை மடக்க முடியாமல் ஒரு காலை நீட்டிக்கொண்டு குனிந்து, எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தான்.

கை நிறைய இலையும் குச்சியுமாக அவன் வார்டுக்குள் வந்ததும் அவள் பொறுமை அறுந்தது.

“இன்னும் எலை பொறுக்கணுமா உனக்கு? இன்னும் அடங்கலையா?”

இத்தனை வருஷத்தில் அவள் அவனை நீ என்று சொல்லி நான் கேட்டதில்லை. அவன் முகம் சுருங்கியது. ஆனால் நிற்கவில்லை.

“அவளைக் கேட்டா சொல்லத் தெரியாதும்மா. செஞ்சு காட்டத் தெரியும். ஒரே ஒரு தடவை. அப்புறம் என்னை என்ன வேணாலும் சொல்லு.”

“பாப்பா போயிருந்தா? பாப்பா செத்துப்போயிருந்தா என்ன பண்ணுவே? சொல்லு, என்ன பண்ணுவே?”

பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். சில்லறை கண் இமைக்காமல் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பெற்றவள் தோளைப் பிடித்து ஸ்டூலில் உட்கார வைத்தேன். “விடும்மா. பண்ணிப் பார்க்கட்டும். டாக்டருக்குத் தெரிஞ்சாகணுமே” என்றேன்.

வெள்ளை விரிப்பின் மேல் அவன் பரப்பினான். இரண்டு அகல இலை, புல்லில் தலைமுடி, வளைந்த குச்சி. அவசரத்தில் முடி நெற்றியில் விழுந்தது. சில்லறை எழுந்து உட்கார்ந்து அதைச் சரி செய்தாள். டாக்டரும் வந்து நின்றுகொண்டாள். கண்ணுக்கு எதை வைப்பது? கல்லைத் தொட அவனுக்குப் பயம். என் பையில் இருந்த பிஸ்கட்டை உடைத்து இரண்டு துண்டு கொடுத்தேன். வைத்தான்.

“சில்லறை, நேத்து என்ன ஆச்சு? பாப்பா எப்படிச் சாப்பிட்டுச்சு? அப்பாக்குக் காட்டு.”

அவள் யோசிக்கவே இல்லை. ஊசி குத்தாத கையால் ஒரு கண்ணை எடுத்து, குச்சியைத் தூக்கி, அதன் கீழே சொருகினாள். குச்சியைத் திரும்ப மேலே வைத்து அழுத்தினாள்.

“பாப்பா கண்ணு சாப்பிட்டுச்சு!”

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பெற்றவள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். அழுகையா சிரிப்பா தெரியவில்லை. டாக்டர்கூட, “அப்போ எலைதான் சாப்பிட்டிருக்கு” என்று சிரித்தாள். கண்டக்டர் சுவரில் சாய்ந்து கண்ணை மூடினான்.

“அப்பா” என்றாள் சில்லறை. கையை நீட்டிக்கொண்டிருந்தாள். “இன்னொண்ணு குடு.”

இன்னொரு பிஸ்கட் துண்டை வைத்தான்.

“அப்படி இல்ல. சொல்லிக் குடு.”

“என்ன சொல்லணும்?”

“நேத்துச் சொன்னேல்ல.”

அவனுக்கு ஞாபகம் வந்துவிட்டது. எனக்கும்தான். அந்தத் துண்டைத் திரும்ப எடுத்து, மறுபடி அவள் உள்ளங்கையில் வைத்து, குரலே எழும்பாமல் சொன்னான்.

“இந்தா. இது பாப்பாவுக்கு.”

சில்லறை தலையைப் பின்னால் சாய்த்து அதைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

தலைவலி வந்தால் அம்மா மாத்திரை போடுவது போலக் கண்ணை இறுக்கி, கழுத்தை நீட்டி, மெல்லாமல் விழுங்கினாள். பிஸ்கட் தொண்டையில் சிக்கி இருமினாள். டாக்டர் தண்ணீர் கொடுத்துவிட்டுக் குனிந்தாள்.

“கடிக்கலையா தங்கம்?”

“கல்லு. கடிச்சா பல்லு போயிடும்” என்று வாயைத் திறந்து காட்டினாள். மருந்துக் கரி படிந்த கறுப்புப் பல் வரிசை.

டாக்டர் நிமிர்ந்து, “முழுசாத்தான் போயிருக்கணும். பார்ப்போம்” என்றாள். நல்ல சேதிதான். ஆனால் கண்டக்டர் காதில் அது ஏறியதாகத் தெரியவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். “நானே குடுத்தேன்க்கா. அவளா எடுக்கலை. நான் கையில வெச்சு, உனக்குன்னு சொல்லிக் குடுத்தேன்.” என்னைப் பார்த்துத்தான் சொன்னான். அவன் சொல்ல வேண்டியவள் முதுகைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு காத்திருக்கிற வேலை. குழந்தை ஒவ்வொரு தடவை சட்டியில் உட்காரும்போதும் பெற்றவள் அதை வெளியே எடுத்துப் போய்க் குச்சியால் கிளறிப் பார்த்தாள். கரி மருந்தால் எல்லாம் தார் மாதிரி கறுப்பு. கண்டக்டர் “நான் பார்க்கறேன், குடு” என்று கையை நீட்டினான். அவள் சட்டியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு போனாள். கடைசியில் ஒரு மத்தியானம் குழாயடியில் இருந்து “அக்கா!” என்று கத்தினாள். ஓடினேன். கழுவிய உள்ளங்கையில் அந்த மணி. சிவப்பு கொஞ்சமும் மங்கவில்லை. ஒரு கீறல்கூட இல்லை. அந்த ஈரத்தரையில் உட்கார்ந்து அவள் அழுத அழுகையை நான் மறக்கமாட்டேன்.

உயிர் பிழைத்து வந்துவிட்டது. ஆனால் வீடு பிழைக்கவில்லை. பிள்ளைகள் யாரும் வரவில்லை. எதிர் வீட்டுக்காரி சீசன் டிக்கெட்டை உள்ளே வைத்துத் தாழ்ப்பாள் போட்டாள். அவளையும் குற்றம் சொல்ல முடியாது. கண்டக்டர் வேலிக்கொடியை வேரோடு பிடுங்கி எரித்தான். இலைப் பாப்பாவின் வாய்க்குள் போன அந்த முதல் கண்ணை மண்ணைச் சலித்துத் தேடி எடுத்து அதையும் நெருப்பில் போட்டான்.

பெண்டாட்டி குழந்தையைத் தூக்கிக்கொண்டு என் வாசலில் வந்து நின்றாள். “அக்கா, நான் வேலைக்குப் போய்த்தான் ஆகணும். பகல்ல உங்ககிட்ட விட்டுட்டுப் போறேன்” என்றாள்.

“பக்கத்து வீட்டுல பெத்த அப்பன் இருக்கும்போதா?”

“உங்களால முடியுமா, முடியாதா?”

முடியும் என்றேன். வேறு என்ன சொல்ல? சுவருக்கு அந்தப் பக்கம் அவனுக்கும் கேட்டிருக்கும். மத்தியானம் கஞ்சியை ஆற்றி எடுத்து வந்து என் வாசற்படியில் வைத்துவிட்டு, உள்ளே வராமல் போய்விடுவான். விசில் சத்தம் அடியோடு நின்றுபோயிற்று.

சாயங்காலம் அவள் சமைக்கிற நேரத்தில் மட்டும் அவன் குரல் கேட்கும்.

“சொல்லு. நான் சாப்பிட்டேன்.”

“பாப்பா சாப்பிட்டுச்சு.”

“பாப்பா இல்ல. நெஞ்சைத் தொட்டுக்கோ. நான். நான் சாப்பிட்டேன்.”

“...நான்.”

“ஆங். நான் விழுந்துட்டேன். எனக்கு வலிக்குது. எங்க, சொல்லு.”

கிளிக்குச் சொல்லிக் கொடுப்பது போல விடாமல் சொல்லிக் கொடுத்தான். குழந்தை பிடித்துக்கொண்டது. ஒரு நாள் நான் வாய் தவறி, “பாப்பா, தண்ணி வேணுமா?” என்றேன். அது என்னைத் திருத்தியது.

“பாப்பா இல்ல. நான்.”

“சரிடியம்மா. பாப்பா எங்க போயிட்டா அப்போ?”

“செத்துப்போச்சு. அம்மா சொன்னாங்க.”

கத்தரிக்கோல் என் கையிலேயே நின்றுவிட்டது. இதை நான் யாரிடம் போய்ச் சொல்வேன்? பெற்றவளிடம் சொன்னால் ஒடிந்துபோவாள். அவனிடம் சொன்னால் கேட்கவே வேண்டாம். எனக்குள்ளேயே போட்டு மூடி வைத்தேன்.

அப்புறம் ஒரு நாள் காற்று பலமாக அடித்தது. ஜன்னல் வழியாகப் பாதாம் இலைகள் என் தரையெல்லாம் வந்து விழுந்தன. துடைப்பத்தை எடுக்கப் போனவள் நின்றேன். சில்லறை இரண்டு பெரிய இலையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். நான் வெட்டிப் போட்ட கறுப்பு நூலைத் தலைமுடியாக்கினாள். குச்சி ஒன்றை ஒடித்து வாய் வைத்தாள். கண் இருக்க வேண்டிய இடத்தில் மெல்லிய இரண்டு இலைக் கிழிசலைக் குறுக்கே படுக்க வைத்தாள். நான் கிட்டே போகவில்லை. ஏதாவது கேட்டுக் கெடுத்துவிடுவேனோ என்று மெஷினை மெதுவாக மிதித்துக்கொண்டிருந்தேன்.

அம்மாக்காரி வேலை முடிந்து வந்து வாசலில் செருப்பை விட்டவள், தரையைப் பார்த்து அப்படியே நின்றாள். முகம் இறுகியது. காலால் தள்ளிவிடப் போகிறாள் என்றே நினைத்தேன். தள்ளவில்லை. பையை வைத்துவிட்டு மெல்ல உட்கார்ந்தாள்.

“இது யாரு?”

“பாப்பா.”

“நீ யாரு?”

“நான்.”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் ஊசியைப் பார்த்தேன்.

“பாப்பாக்கு ஏன் கண்ணைக் காணோம்?”

“செத்துப்போச்சுன்னு நீதானே சொன்னே? ஆஸ்பத்திரில சொன்னேல்ல?” என்றாள் குழந்தை. அப்புறம் அம்மாவின் முகத்தைப் பார்த்து என்ன நினைத்ததோ, குரலைத் தணித்து, ரகசியம் சொல்வது போலச் சொன்னது. “செத்துப்போகலம்மா. சும்மா தூங்குது. அப்பா விசில் ஊதினா எந்திரிச்சிடும். அப்பாதான் ஊதவே மாட்டேங்குது.”

அவள் தழும்பு விழுந்த முன்னங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் எழுந்து போய்ச் சுவரை மூன்று தட்டுத் தட்டினாள்.

“ஏங்க.”

அந்தப் பக்கம் எதுவோ கீழே விழுந்த சத்தம்.

“ஏங்க, உங்களைத்தான். விசிலை எடுத்துட்டு வாங்க.”

காலை இழுத்துக்கொண்டு வந்து அவன் வாசலுக்கு வெளியிலேயே நின்றான். கண் தரைக்குப் போயிற்று. அங்கிருந்து பெண்டாட்டியிடம் போயிற்று. திட்டுவதற்குக் கூப்பிட்டாளோ என்கிற பயம் அதில் இருந்தது.

“ஊதுங்க” என்றாள்.

வாயில் வைத்தான். வெறும் காற்றுத்தான் வந்தது. மறுபடி ஊதினான். அரை விசில், கம்மலாக. சில்லறைக்கு அது போதுமாக இருந்தது. இரண்டு இலைக் கிழிசலையும் தூக்கினாள். கீழே கண் எதுவும் இல்லை, என் வீட்டுச் சிமெண்ட் தரைதான் தெரிந்தது.

“எந்திரிச்சிடுச்சு!”

அவன் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு தேம்பினான். பெண்டாட்டி அவனைத் தேற்றவில்லை. பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, சேலையைச் சரி செய்துகொண்டு, நாளைக்கு அரிசி இல்லை என்பதைச் சொல்கிற குரலில் சொன்னாள்.

“பாவம், அக்காவுக்கு வேலை கெட்டுப்போகுது. நாளையில இருந்து பாப்பா உங்ககூடவே இருக்கட்டும்.”

சில்லறை நிமிர்ந்து பார்த்தாள்.

“எந்தப் பாப்பா?”

அம்மாக்காரி தரையில் கிடந்த இலை முகத்தைப் பார்த்தாள். குனிந்து குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

“ரெண்டும்தான்” என்றாள்.